பத்தியமும் பசியறிவும்: நாட்பட்ட வயிற்று நோய் குறித்த தமிழ் மரபும் இன்றைய இயற்கை உணவு எழுத்தும்

ஆய்வுச்சுருக்கம்

நாட்பட்ட வயிற்று நோயை உணவாலும் இயற்கை முறையாலும் தீர்க்கலாம் என்று கூறும் இன்றைய தமிழ் எழுத்துகள் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்தையும் சித்த மருத்துவ நூல்களையும் சான்றாகக் காட்டுகின்றன. அச்சான்றுகள் எவ்வாறு எடுத்தாளப்படுகின்றன என்பதை இக்கட்டுரை திறனாய்கிறது. ‘மருந்து’ அதிகாரத்தின் அமைப்பு, அதற்குப் பரிமேலழகர் எழுதிய உரை, குன்மம் பற்றிய சித்த மருத்துவப் பகுப்பு, பத்தியத்தின் விதிகள் ஆகியவை முழுமையாக வாசிக்கப்படும்போது, உணவு மருத்துவனை விலக்கும் வழியாக அன்றி மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே மரபில் நிற்கிறது என்பது இக்கட்டுரையின் முடிபாகும். தாம்பரம் சானடோரியம் பகுதியின் மருத்துவ வரலாறு இவ்வாசிப்புக்குக் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குன்மம், பத்தியம், மருந்து அதிகாரம், பரிமேலழகர், நோயணுகா விதி, தாம்பரம் சானடோரியம்.

முன்னுரை

வயிற்றெரிச்சல், புளித்த ஏப்பம், உண்டபின் கனம், மலச்சிக்கல், அடிக்கடி கழிதல் ஆகியவை உயிரை உடனே பறிப்பவை அல்ல. ஆயினும் ஆண்டுக்கணக்கில் உடனிருந்து வாழ்வைச் சுருக்குபவை. இத்தகைய நோய்க்கு ஆளானோர் மருத்துவமனைக்குச் செல்வதற்கு முன்னரே அடுக்களையில் மருந்து தேடுகின்றனர். சீரகத் தண்ணீர், மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், வெண்பூசணிச் சாறு, நீர்மோர், பழைய சோறு என நீளும் பட்டியல் தமிழ் வார இதழ்களிலும் மருத்துவக் குறுநூல்களிலும் பல பதின்மங்களாக இடம்பெற்று வருகிறது. அவற்றின் தொடக்கத்தில் ஒரு குறளும் இடையில் ஒரு சித்தர் பெயரும் அமைவது ஏறத்தாழ மரபாகவே ஆகிவிட்டது.

இவ்வெழுத்துகளைத் தமிழாய்வு இருவகையில் எதிர்கொண்டு வந்துள்ளது. ஒன்று, பழந்தமிழர் இன்றைய அறிவியலை முன்பே அறிந்திருந்தனர் என்று மெய்ப்பிக்கச் சான்றுகளைத் தொகுப்பது. மற்றொன்று, இவை ஆய்வுக்கு உரியவை அல்ல என்று ஒதுக்குவது. இரண்டுமே மூலநூல் உண்மையில் என்ன கூறுகிறது என்ற வினாவைக் கடந்து போய்விடுகின்றன. தவறாக எடுத்தாளப்படும் குறள் ஒரு நோயாளியை ஆறு மாதம் தாமதிக்கச் செய்யக்கூடும் என்பதால், இவ்வினா வாசிப்பு முறை பற்றியதாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

தாம்பரம்: உணவொழுக்கத்தின் ஊர்

உணவும் ஒழுக்கமும் மருந்தாகக் கருதப்பட்ட வரலாறு ஓர் ஊர்ப்பெயராகவே நிலைத்திருக்கும் இடம் தாம்பரம் சானடோரியம். மருத்துவர் சௌரி முத்து 1928இல் இங்குக் காசநோயாளர்க்கான உறைவிட மருத்துவமனையை நிறுவினார். 1937இல் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அறியப்படாத அக்காலத்தில் தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, ஒழுங்கான நாள்முறை ஆகியவையே சிகிச்சையாக இருந்தன. அன்றைய நிலையில் அது மூடநம்பிக்கை அன்று. கிடைத்த வழிகளுள் சிறந்தது.

பின்னர் நிலை மாறியது. சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு, உறைவிட மருத்துவமனையில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களையும் வீட்டிலிருந்தே அதே மருந்துகளை உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோர் எளிய உணவு உண்டனர். நெருக்கடியான இடங்களில் வாழ்ந்தனர். முழு ஓய்வும் பெறவில்லை. எனினும் நோய் தீர்ந்த அளவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்திருந்தனர். உணவு பயனற்றது என்று இவ்வாய்வு கூறவில்லை. கிருமியே காரணமாகிய நோயில் உரிய மருந்தின் இடத்தை உணவு நிரப்ப இயலாது என்பதை அது காட்டியது.

அதே சானடோரியம் பகுதியில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சித்த மருத்துவத்தில் பட்டமேற்படிப்பை நடத்தும் இந்நிறுவனத்தின் மருத்துவமனை அயோத்திதாசப் பண்டிதர் பெயரைத் தாங்குகிறது. அதே 2005இல் இரைப்பை அழற்சிக்கும் புண்ணுக்கும் காரணமாகும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியைக் கண்டறிந்தமைக்காகப் பாரி மார்ஷல், ராபின் வாரன் ஆகிய இருவருக்கும் நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது. காரமும் கவலையும் அமிலமுமே புண்ணை உண்டாக்கும் என்று நெடுங்காலம் கருதப்பட்ட நிலையை அக்கண்டுபிடிப்பு மாற்றியது. காசநோயில் நிகழ்ந்த மாற்றம் வயிற்றுப்புண்ணிலும் நிகழ்ந்தது. இயற்கை உணவு எழுத்துகளின் பெரும்பகுதியோ இன்னும் அம்மாற்றத்துக்கு முன்னரே நிற்கிறது. மரபே அவற்றை அங்கு நிறுத்தியதா என்பதே ஆராயத்தக்கது.

‘மருந்து’ அதிகாரத்தின் அமைப்பு

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ 941 முதல் 950 வரையிலான பத்துக் குறள்களைக் கொண்டது. முதற்குறள் நோயின் தோற்றத்தைக் கூறுகிறது: மிகுதியும் குறைவும் வளி முதலிய மூன்றின் வழி நோய் செய்யும். 942 முதல் 947 வரையிலான ஆறும் உணவு பற்றியவை. 948 முதல் 950 வரையிலான மூன்றும் மருத்துவம் பற்றியவை. நோயையும் அதன் காரணத்தையும் தீர்க்கும் வழியையும் நாடிச் செயல்படுதல், நோயாளியின் அளவும் நோயின் அளவும் காலமும் கருதுதல், நோயாளி மருத்துவன் மருந்து உடனிருந்து உதவுவோன் என்னும் நான்கு உறுப்புகள் ஆகியவை அவற்றின் பொருள்.

இயற்கை உணவு எழுத்துகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவது 942ஆம் குறள். முன் உண்டது செரித்ததை அறிந்து உண்பவனுக்கு மருந்து என ஒன்று வேண்டுவதில்லை என்பது அதன் கருத்து. இக்குறளில் நிபந்தனையும் பயனும் உள்ளன. எடுத்தாள்வோர் பயனைப் பெரிதாக்கி நிபந்தனையை மறைக்கின்றனர். ‘உணவு இருக்க மருந்து எதற்கு’ என்னும் முழக்கமாக அது சுருங்குகிறது. அதிகாரம் இவ்விடத்தில் முடிவதில்லை. மருந்து வேண்டாத நிலையைச் சொல்லித் தொடங்கிய ஆசிரியர், மருத்துவனும் மருந்தும் இன்றியமையாத நிலையைச் சொல்லி முடிக்கிறார். அதிகாரப் பெயரும் ‘உணவு’ என்று அமையாமல் ‘மருந்து’ என்றே அமைந்துள்ளது. நோய் வாராமல் காத்தலும் வந்தபின் தீர்த்தலும் என்னும் இருநிலைகளையும் அதிகாரம் வரிசைப்படுத்துகிறது. முதல் நிலைக்குரிய விதியை இரண்டாம் நிலையில் உள்ளவருக்குக் கூறுவது அவ்வரிசையைக் குலைப்பதாகும்.

941ஆம் குறளுக்குப் பரிமேலழகர் எழுதும் உரையும் நோக்கத்தக்கது. மிகுதலும் குறைதலும் அவரவர் உடற்பகுதிக்கு ஏற்ற உணவுக்கும் செயல்களுக்கும் உரியவை என்று அவர் கொள்கிறார். உணவோடு செயலையும் சேர்த்தமையால், நோயின் காரணம் இலையில் மட்டும் இல்லை என்பது உரையிலேயே பெறப்படுகிறது. உறக்கம், உழைப்பு, உண்ணும் நேரம் ஆகியவையும் அதனுள் அடங்கும். காலை மின்தொடர்வண்டியைப் பிடிக்க உணவைத் தவிர்த்து இரவு பத்து மணிக்கு மேல் வயிறு நிறைய உண்ணும் புறநகர் வாழ்வில், எந்தக் கீரை நல்லது என்ற வினாவைவிட எப்போது உண்பது என்ற வினாவே இவ்வுரைக்கு நெருக்கமானது.

பசியை அறிதல்

உணவு பற்றிய குறள்களின் அச்சாக நிற்பது அறிதல். செரித்ததை அறிதல், அளவறிதல், வயிற்றுத் தீயின் அளவை அறிதல் என அது பலவாறு வருகிறது. 944ஆம் குறளில் செரித்ததை அறிவதோடு மிகப் பசித்தலும் கூறப்படுகிறது. உண்டது செரித்தாலும் அதன் சாரம் எஞ்சியிருக்கும். அதுவும் அறுதல் வேண்டும் என்பதாலேயே மிகுபசி கூறப்பட்டது என்று பரிமேலழகர் விளக்குகிறார். பசியை இத்துணை நுட்பமாகப் பகுத்த உரை, பசியை அறியவல்ல உடலை முன்நிபந்தனையாகக் கொள்கிறது.

நாட்பட்ட வயிற்று நோயில் கெடுவது இவ்வறிவே. முன்சிறுகுடலில் புண் உடையவர்க்கு வயிறு வெறுமையாக இருக்கும்போது வலி எழுகிறது, நள்ளிரவில் எழுப்புகிறது, சிறிது உண்டால் தணிகிறது. அவர் அதைப் பசி என்றே உணர்கிறார். மாறாக, இரைப்பைப் புண் உடையவர் உண்டவுடன் வலிப்பதால் பசியிருந்தும் உணவை அஞ்சுகிறார். செரியாமை நோயில் நான்கு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பசி, நிறைவு, செரித்தல் ஆகிய மூன்று அடையாளங்களும் இங்குப் பொய்ச்சான்று கூறுகின்றன. தன் உடலைத் தானே அறிந்து உண்க என்னும் அறிவுரை, அறியும் கருவியே பழுதுற்றவருக்கு எவ்வாறு பயன்படும்?

இவ்வினாவுக்கு அதிகாரத்தின் இறுதி மூன்று குறள்களே விடையாகின்றன. ஒருவன் தன்னை அறிந்து உண்பது இயலாதபோது, பிறர் நாடி அறிவது தேவைப்படுகிறது. முதற்பகுதியில் உண்பவனிடம் இருந்த அறிதல் இறுதிப் பகுதியில் மருத்துவனிடம் நாடுதலாக இடம்பெயர்கிறது. 942க்கும் 948க்கும் இடையே முரண் இல்லை. அறிபவர் மாறுவதே வேறுபாடு. இவ்வாறு கொண்டால், பின்மூன்று குறள்கள் உணவுக் குறள்களுக்குப் பின்னர் வைக்கப்பட்டதன் பொருத்தம் விளங்கும்.

குன்மமும் ‘அல்சரும்’

சித்த மருத்துவத்தில் நாட்பட்ட வயிற்று நோய்களுள் முதன்மையாகப் பேசப்படுவது குன்மம். நோயாளியின் உடலையும் உள்ளத்தையும் குன்றச் செய்வதால் இப்பெயர் வந்தது என்பது சித்த மருத்துவர் தரும் விளக்கம். வடமொழி ‘குல்ம’ என்பதனோடு இதனை இணைப்பாரும் உளர். யூகி வைத்திய சிந்தாமணி மரபு குன்மத்தை எட்டாகப் பகுக்கிறது: வாத குன்மம், பித்த குன்மம், சிலேத்தும குன்மம், வாயு குன்மம், எரி குன்மம், வலி குன்மம், சத்தி குன்மம், சன்னி குன்மம். இவற்றுள் சில குற்றத்தால் பெயர் பெற்றவை; எரிதல், வலி, வாந்தி ஆகிய குறிகளால் பெயர் பெற்றவை சில. இதனின் வேறாகக் கிராணி, கழிச்சல், மலக்கட்டு ஆகியவை தனித்தனியே வைக்கப்படுகின்றன.

இப்பகுப்பு இன்றைய நோய்ப்பெயர்களோடு ஒன்றுக்கொன்று பொருந்துவதன்று. எரி குன்மமே இரைப்பைப் புண் என்று சமன் செய்வது எளிது, ஆயினும் சரியாகாது. பகுப்பின் பயன் வேறு: வயிறு எரிகிறது என்று வருபவர் அனைவரும் ஒரே நோயினர் அல்லர் என்பதை அது மருத்துவனுக்கு உணர்த்துகிறது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்னும் எண்வகைத் தேர்வும் அதற்காகவே அமைந்தது.

இன்றைய பேச்சு வழக்கில் ‘அல்சர்’ என்ற ஒரு சொல் இவை அனைத்தையும் விழுங்கிவிட்டது. உணவு தாமதித்தால் வரும் எரிச்சலும், நெஞ்சுக்குள் ஏறும் புளிப்பும், கிருமியால் விளைந்த புண்ணும், வலிநீக்கி மாத்திரைகளை மிகுதியாக உண்டதால் வந்த புண்ணும் அதே சொல்லால் சுட்டப்படுகின்றன. மரபை மீட்பதாகக் கூறும் எழுத்துகளும் இந்த ஒற்றைச் சொல்லையே தலைப்பாக்கி ஒற்றை உணவை மருந்தாக்குகின்றன. எட்டாகப் பகுத்த மரபின் பெயரால் பகுப்பே இல்லாத மருத்துவம் பரப்பப்படுவது கருதத்தக்க முரணாகும்.

பத்தியத்தின் இலக்கணம்

நோயாளிக்குரிய உணவு ஒழுங்கைச் சித்த மரபு பத்தியம் என்னும் சொல்லால் குறிக்கிறது. பெரும்பாலும் மருந்து உண்ணும் காலத்தில் விலக்க வேண்டியவையாகக் கடுகு, நல்லெண்ணெய், தேங்காய், மாங்காய், பலா, பெருங்காயம், பூண்டு, கொள், அகத்தி, புகையிலை, மது முதலியன கூறப்படுகின்றன. இப்பட்டியலை இன்றைய ‘வயிற்றுக்கு நல்ல உணவு’ப் பட்டியலோடு ஒப்பிடும்போது ஒன்று புலப்படும். வாயுவுக்குப் பூண்டும் பெருங்காயமும், புண்ணுக்குத் தேங்காய்ப்பாலும் அகத்திக்கீரையும் இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. பத்தியப் பட்டியல் விலக்கியவை சில இங்கே மருந்தாக நிற்கின்றன.

இவற்றுள் ஒன்று சரி, மற்றொன்று தவறு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. பூண்டுக்கும் பெருங்காயத்துக்கும் செரிமானக் குணம் உண்டு என்பதைக் குணபாட நூல்களும் ஏற்கின்றன. அகத்தி மருந்தின் ஆற்றலை முறிக்கும் என்பதாலேயே விலக்கப்பட்டது. அது தீய உணவு என்பதால் அன்று. பத்தியம் என்பது குறிப்பிட்ட மருந்தோடும் குறிப்பிட்ட காலத்தோடும் பிணைந்த ஒழுங்கு. அதற்கு இச்சாபத்தியம், கடும்பத்தியம் என்னும் தரவேறுபாடும் மருந்து முடிந்தபின் கைக்கொள்ளும் மறுபத்தியமும் உண்டு. எனவே அதற்குத் தொடக்கமும் முடிவும் உள்ளன. மருந்தையும் காலத்தையும் நீக்கிவிட்டு உணவுப் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்வது, வினைமுற்றை நீக்கி வாக்கியத்தைப் படிப்பதை ஒக்கும்.

இதனோடு தேரையர் பெயரால் வழங்கும் ‘நோயணுகா விதி’யை வேறுபடுத்திக் காண வேண்டும். நீரைக் காய்ச்சி அருந்துதல், மோரை நீர் பெருக்கிக் கொள்ளுதல், நெய்யை உருக்கி உண்ணுதல், முதல்நாள் சமைத்த கறியைத் தவிர்த்தல், பசித்து உண்ணுதல் முதலியன அதில் கூறப்படுகின்றன. நோய் அணுகாதிருக்கும் விதி என்று பெயரே கூறுவதால், அது நலத்துடன் இருப்பவர்க்கு உரியது. அதன் மொழிநடையும் கருதத்தக்கது: அவ்விதிகள் ‘நாம் இவ்வாறு செய்வோம், இவ்வாறு செய்யோம்’ எனத் தன்மைப் பன்மையில் அமைந்துள்ளன, வாழும் ஒழுக்கத்தை எடுத்துரைக்கின்றன. இன்றைய எழுத்து அதனை ஏவல் வினையாக்கி நோயாளிக்குக் கட்டளையிடுகிறது. நலமுற்றோர் விதியும் நோயுற்றோர் பத்தியமும் ஒன்றாகக் கலக்கப்படும் இடம் இதுவே.

உணவின் பங்கைக் குறைத்து மதிப்பிடுதல் இவ்வாதத்தின் நோக்கமன்று. குடல் உறுத்தல் நோயில் உணவே சிகிச்சையின் முதற்படியாக இன்று ஏற்கப்பட்டுள்ளது. ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்த ‘ஃபாட்மேப்’ முறை, பூண்டு, வெங்காயம், கோதுமை, சில பருப்புகள் முதலியவற்றைச் சில வாரங்களுக்கு நிறுத்தி, பின்னர் ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒருவருக்கு ஒவ்வாதது என்று கண்டறியச் செய்கிறது. 944ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் உணவின் மாறுகொள்ளாமையை மூன்றாகப் பகுக்கிறார்: உண்பவனின் உடற்பகுதியோடு மாறுபடாமை, காலத்தோடு மாறுபடாமை, உணவுகள் சுவையாலும் ஆற்றலாலும் தம்முள் மாறுபடாமை. இவ்விரண்டும் ஒன்று என்று கூறுவது மிகையாகும். ஒவ்வாமை ஆளுக்கு ஆள் வேறு என்பதிலும், விலக்கு ஒரு முறைக்கு உட்பட்டது என்பதிலும் அவை ஒத்துள்ளன. வாழ்நாள் முழுவதும் எல்லார்க்கும் ஒரே பட்டியல் என்பதற்கு இரண்டிலும் இடமில்லை.

நான்கு உறுப்புகள்

950ஆம் குறளின் உரையில் பரிமேலழகர் நோயாளிக்குரிய பண்புகளாகப் பொருளுடைமை, மருத்துவன் சொல்வழி நிற்றல், நோய்நிலையை உணர்த்துதல், மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல் ஆகியவற்றைக் கூறுகிறார். இவற்றுள் நோய்நிலையை உணர்த்துதல் நாட்பட்ட நோய்க்கு இன்றியமையாதது. மலம் கருநிறமாதல், குருதி வாந்தி, காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் தடை, குருதிச்சோகை ஆகியவை ‘சூடு’ என்றோ ‘வாயு’ என்றோ வீட்டிலேயே பெயரிடப்பட்டால், உணர்த்தப்பட வேண்டியது உணர்த்தப்படாமல் போகிறது. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இரைப்பைப் புற்றுக்கும் காரணமாவது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே வகைப்படுத்தியது. அகநோக்கிச் சோதனைக்குச் செல்லவேண்டியவர் கீரைச்சாற்றோடு காத்திருப்பதன் விலை இதனால் புலப்படும். பொருளுடைமையை உரையாசிரியர் முதலில் வைத்ததும் கூர்ந்து நோக்கத்தக்கது. பலர் இயற்கை முறையைத் தேர்வது கொள்கையால் அன்று; சோதனைச் செலவை அஞ்சியே.

நான்காம் உறுப்பாகிய உழைச்செல்வான் இவ்வெழுத்துகளில் முற்றிலும் மறைந்துபோகிறார். பத்தியம் தானே சமைந்துகொள்வதில்லை. ஒரே அடுப்பில் நோயாளிக்குக் கஞ்சியும் ஏனையோர்க்குக் குழம்பும் சமைப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. அவருக்கே வயிற்று நோய் வந்தால் அவருக்கு உழைச்செல்வார் யார் என்னும் வினா எந்தப் பட்டியலிலும் எழுவதில்லை.

நாட்பட்ட வயிற்று வலியைத் தமிழில் விரிவாகப் பாடியவர் தாம்பரத்துக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார். பெரியபுராணத்தில் திருநாவுக்கரசரின் சூலை, உடனிருந்த சமணர்கள் மந்திரமும் பிறவும் செய்தும் தணியாமல் வளர்கிறது. அவர்கள் கைவிட்டகன்றதும் அவர் தமக்கை திலகவதியாரை நாடுகிறார். சமயப் போட்டியின் பின்னணியில் எழுந்த இப்பகுதியை மருத்துவச் சான்றாகக் கொள்ளுதல் கூடாது. ஆயினும் நோயாளியின் துயரில் வலியோடு கைவிடப்படுதலும் சேர்கிறது என்பதைச் சேக்கிழார் கண்டிருக்கிறார். திருவதிகையில் தமக்கை அவரை ஏற்றுக்கொள்ளும் இடத்திலிருந்தே கதை திரும்புகிறது. உழைச்செல்வாரின் இடத்தை இலக்கியம் உணர்த்தும் முறை இது.

முடிவுரை

மரபு நூல்களை முழுமையாக வாசிக்கும்போது மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ‘மருந்து’ அதிகாரம் உணவை மருத்துவத்துக்கு மாற்றாக வைக்கவில்லை. நலத்திலிருந்து நோய்க்கும், தன்னறிவிலிருந்து மருத்துவனின் நாடலுக்கும் செல்லும் வரிசையாக அமைந்துள்ளது. இரண்டாவது, குன்மத்தின் எண்வகைப் பகுப்பும் பத்தியத்தின் கால எல்லையும், ஒரே நோய்ப்பெயர், ஒரே உணவு, முடிவற்ற விலக்கு என்னும் இன்றைய வாய்பாட்டுக்கு எதிரானவை. மூன்றாவது, உணவொழுக்கம் நோயாளி ஒருவரின் மனவுறுதியால் மட்டும் நிலைப்பதன்று; பொருளும் காலமும் உடனிருப்போர் உழைப்பும் அதற்கு வேண்டும்.

சித்த மருத்துவம் கற்பிக்கும் நிறுவனங்களில் நாடியும் நாவும் மலமும் தேர்ந்து மருந்தும் பத்தியமும் வகுக்கப்படுகின்றன. அம்மருத்துவத்தின் பெயரால் வெளிவரும் எழுத்துகள் தேர்வை விட்டுப் பட்டியலை மட்டும் எடுத்துச் செல்கின்றன. இவ்விடைவெளியைச் சுட்டுவது தமிழாய்வாளரின் கடமைகளுள் ஒன்று. ஒரு குறளைக் கட்டுரையில் மேற்கோளாக்கும்போது அதன் நிபந்தனையையும் அதற்குப் பின்வரும் குறள்களையும் சேர்த்துக் காட்டுவது அக்கடமையின் எளிய தொடக்கமாக அமையும்.